மேனேஜரின் கார் எழுந்திருக்கவில்லை

மேனேஜர் பட்டனை அழுத்தினார். கார் அசையவில்லை. இன்னொரு முறை கொஞ்சம் அதட்டலாக அழுத்திப் பார்த்தார். அது பாட்டுக்கு வயிறு தரையைத் தொடாத குறையாகப் படுத்துக் கிடந்தது.

ஏர் சஸ்பென்ஷன் வைத்த கார். பட்டனை அழுத்தினால் நாலு விரல் உயரம் தானாக எழும்பும். அதற்காகவே மனிதர் இந்தக் காரை வாங்கினார் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு.

"நான் வந்தா இதுகூட எழுந்து நிக்கும்ப்பா. ரெண்டு நாளா இதுக்கும் திமிர் வந்துருச்சு," என்றார், வரவழைத்திருந்த மெக்கானிக்கிடம்.

"இதுக்குமா? வேற யாருக்கு சார்?"

கேட்டிருக்கக் கூடாது. மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

"தபால் கவுன்ட்டருக்கு ஒருத்தன் புதுசா வந்திருக்கான். மூணு வாரமாச்சு. நான் உள்ளே நுழைஞ்சா ஆபீஸே எழுந்து நிக்கும். அவன் மட்டும் கவுன்ட்டருக்குப் பின்னாடி அப்படியே இருப்பான். ஒரு இஞ்ச் அசைய மாட்டான். வணக்கம் மட்டும் வாய் நிறைய வரும்."

"என்ன ஏதுன்னு கேட்டீங்களா சார்?"

"மெமோ குடுத்தேன். 'தாங்கள் வரும்போது நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்'னு பதில் எழுதுறான். என் கண்ணையே பொய்யாக்குறான் பாரு."

மெக்கானிக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பின்பக்கம் போய் காற்றடிக்கும் கம்ப்ரஸருக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தார். அது உறுமிக்கொண்டு ஓடியது.

"இது நல்லாருக்கு சார்."

சோப்புத் தண்ணீரைக் காற்றுப் பைகளிலும் குழாய்களிலும் தடவினார். ஒரு குமிழ்கூட வரவில்லை.

"காத்தும் எங்கயும் போகல. வண்டிக்குத் தெம்பு இருக்கு."

"தெம்பு இருந்தா ஏன் எழுந்திருக்கல? எல்லாம் கொழுப்பு."

அந்த நேரத்தில் டைப்பிஸ்ட் அம்மாள் ஒரு கடிதத்தோடு படியிறங்கி வந்தார். தபால் குமாஸ்தாவை இன்றோடு வேலையிலிருந்து நீக்கும் கடிதம். மேனேஜர் அதைக் கார் பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"சார், எட்டு மாசம் வேலையில்லாம இருந்து வந்தவராம். ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு," என்று அம்மாள் இழுத்தார்.

"ரெண்டு பிள்ளைக்கு அப்பன், எழுந்து நிக்கத் தெரியாதா?"

அம்மாள் உள்ளே போய்விட்டார்.

மெக்கானிக் டார்ச்சும் கையுமாக முதுகைத் தரையில் தேய்த்தபடி காருக்கு அடியில் நுழைந்தார். கொஞ்ச நேரம் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பிறகு உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"கண்டுபிடிச்சாச்சு சார். வண்டி எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு பார்த்துச் சொல்ல இங்க ஒரு சென்சார் இருக்கு. அதோட கம்பி கழண்டு மேல போய் மாட்டிக்கிச்சு."

"அதனால?"

"வண்டி ஏற்கெனவே எழுந்து நிக்குதுன்னே அது சொல்லிக்கிட்டு இருக்கு. அப்புறம் நீங்க எத்தனை தடவை அழுத்தினாலும் எங்க எழுந்திருக்கும்? பழுது தூக்குற இடத்துல இல்ல சார். பார்க்கிற இடத்துல."

கம்பியை மாட்டிவிட்டு வெளியே வந்து பட்டனை அழுத்தச் சொன்னார். கார் பெருமூச்சு விட்டுக்கொண்டு நாலு விரல் எழும்பி நின்றது.

மேனேஜருக்கு மனசு இளகிவிட்டது. பானெட்டைத் தட்டிக் கொடுத்தார். "அது மேல ஒரு குத்தமும் இல்ல பாரேன். என்னன்னு விசாரிக்காம பாவம், வாயில்லாததைத் திட்டிட்டேன்."

காரிடம் இப்படி மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

அலுவலகம் மொத்தமும் எழுந்து நின்றது. கோடியில், தபால் கவுன்ட்டரில் குமாஸ்தாவின் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. மார்பு வரை மறைக்கும் அந்தக் கவுன்ட்டர் மேனேஜர் தானே அளவு சொல்லிச் செய்தது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு இதுவரை நேரம் வாய்க்கவில்லை.

"வணக்கம் சார்." ஒரு இஞ்ச் அசையவில்லை.

இன்றைக்குக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்து, அந்த முகம் போகிற போக்கைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மேனேஜர் பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"ஏன்யா, நான் வரும்போது எழுந்திருக்கணும்னு உனக்குத் தோ..."

பாதியில் நின்றுவிட்டார்.

குமாஸ்தா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மடித்துப் போட்ட அட்டைப்பெட்டி மேல் வெறுங்காலோடு நின்றிருந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. சுற்றிலும் தபால் மூட்டைகள். வேறொன்றும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றே இந்த ஆள் எழுதிக் கொடுத்த ஒரு மனு மேனேஜருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓரத்தில் 'அவசரமில்லை' என்று எழுதித் தள்ளி வைத்தது அவரேதான். மூன்று வாரமாக அவருடைய டீ கிளாஸ் அதன் மேல்தான் இருக்கிறது.

குமாஸ்தா அவர் கையிலிருந்த காகிதத்தை ஆசையோடு பார்த்தார்.

"நாற்காலிக்கு உத்தரவா சார்? ரொம்ப நன்றி. உட்கார ஒண்ணு இருந்தாத்தானே சார், நீங்க வரும்போது எழுந்திருக்க முடியும்?"