நாலு பல், ஒரு விசில்

இறங்காமல் போன சாம்பல் புறாவை அண்ணாந்து கூப்பிட்டுக்கொண்டே மாடிப்படியில் உருண்டதில் ஏகாம்பரத்துக்கு முன்பல் நாலும் போயிற்று. பல்லோடு விசிலும் போயிற்று. விசிலில்லாமல் பறக்கவிட்டால் புறா எவன் மாடியிலாவது இறங்கிவிடும். இறங்கினால், புறாக்காரர்கள் வழக்கப்படி அது அவனுடையது. அதனால் ஏழு மாதமாகக் கூண்டைத் திறக்கவே இல்லை. தாடையில் திருகாணி முடுக்கி, எலும்பு அதைக் கவ்விப் பிடிக்கும்வரை காத்திருந்து, நேற்றுத்தான் டாக்டர் அதன்மேல் பல்லை மாட்டினார்.

காலையில் பதினொரு புறாக்களையும் திறந்துவிட்டார். விரலை மடக்கி வாயில் வைத்து ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது. கூட்டம் கோயில் கோபுரத்தைத் தாண்டியது.

"கம்பு டப்பாவ ஆட்டட்டாய்யா?" என்றாள் மனைவி சுலோச்சனா.

"கொஞ்சம் இரும்மே."

நாக்கு புதுப் பல்லின் பின்பக்கத்தைத் தடவித் தடவி ஓரிடத்தில் உட்கார்ந்தது. மறுபடி ஊதினார். தெருமுனையில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. வானத்தில் கூட்டம் சாய்ந்து திரும்பியது.

எல்லாம் இறங்கின. வேர்வையைத் துடைத்துக்கொண்டு எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

"இன்னாய்யா, கொறையுதா?"

ஏகாம்பரம் வாயைப் பொத்திக்கொண்டார். தண்ணீர்த் தொட்டி ஓரமாக, எவனோ காலில் கட்டிவிட்ட சிவப்பு நூலோடு, ஒரு சாம்பல் புறா நின்றிருந்தது.