பனிக்கட்டிக் கப்பலில் வந்த பாட்டனார்

இந்தக் காலத்தில் எந்த வீட்டுக் கதவும் மரபணுப் பதிவேட்டைப் பார்த்து, உறவுமுறை சொல்லித்தான் ஆளை வரவேற்கிறது. ராயபுரம் தேவசித்தத்தின் வீட்டுக் கதவும் அப்படித்தான்.

ஏழு தலைமுறைக்கு முன், பாஸ்டனிலிருந்து பனிக்கட்டி ஏற்றிவந்த கப்பலில் மதராசுக்கு வந்த ஹைரம் என்ற அமெரிக்கர்தான் தன் அப்பா வழிப் பாட்டனார் என்று தேடிக் கண்டுபிடித்ததில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஜோரில் மனைவி எப்சிபாவின் எச்சில் மாதிரியையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பிவைத்தான்.

அவளுக்கும் அப்பா வழியில் அதே ஹைரம். அதே ஏழாம் தலைமுறை.

அன்று மாலை அவன் படியேறியதும் கதவு உள்ளே குரல் கொடுத்தது: "எப்சிபாம்மா, உங்க அண்ணன் வந்திருக்காரு."

"ஐயோ, அவரு என் வீட்டுக்காரரு! மாத்து!" என்று அலறினாள் எப்சிபா.

"ரத்த முறையை மாத்த எனக்கு அதிகாரம் இல்லம்மா. ஒரே வம்சம், பங்காளிங்க," என்றது கதவு, பணிவாக.

தேவசித்தம் மரபணுப் பதிவு அலுவலகத்துக்கு ஓடினான். "கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு சார்," என்று கெஞ்சினான்.

"நீங்க கேட்டுத்தானே பார்த்தோம்?" என்றார் அங்கிருந்தவர்.

சோர்ந்துபோய்த் திரும்பினான். கதவு திறந்தது. கதவிடமே பேச்சுப் பழகுகிற, போன மாதம்தான் 'அப்பா' என்று சொல்ல ஆரம்பித்திருந்த மகன் ரூபன், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"மாமா!"