கறுக்காத கொலுசு

அவள் கொலுசைச் சமையலறை ஜன்னலுக்கு எடுத்துப் போனாள். வெயிலில் புரட்டிப் பார்த்தாள்.

கடையில் வாங்கிய அன்றுகூட அது இப்படி மின்னவில்லை.

அவன் பின்னால் நின்றான். ஏதாவது சொல்வாள் என்று.

"கறுப்பு எங்க போச்சு?"

"எடுத்துட்டேன். இனிமே கறுக்கவே கறுக்காது."

அவள் திரும்பவில்லை.

"அது பாப்பாவோட வேர்வைங்க."

மழைக்காலத்துக் காய்ச்சலில் குழந்தை போனது. துணிமணிகளைச் சொந்தக்காரர்கள் துவைத்து யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஒரு கொலுசு குழிக்குள் பாப்பாவின் காலோடு போயிற்று. மிச்சம் இது ஒன்று.

அவனுக்குத் தெரிந்தது ஒரே வேலை: ஆய்வகத்தில், வெள்ளியைக் கறுக்கவிடாத ஒரு மூலக்கூறைச் செய்வது.

வெள்ளியைக் கறுப்பாக்குவது காற்றிலும் வேர்வையிலும் இருக்கும் கந்தகம். அவனுடைய மூலக்கூறுக்கும் தலையில் கந்தகம்தான். ஆனால் அது வெள்ளியைப் பிடித்துக்கொண்டு வாலை வெளியே நீட்டி நிற்கும். பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. இடைவெளி விடாமல். கண்ணுக்குத் தெரியாது. தலைமுடியைப் பல ஆயிரமாகக் கிழித்தாலும் அதைவிட மெல்லிசு. அதைத் தாண்டி எதுவும் வெள்ளியைத் தொட முடியாது.

கொலுசை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் முதலில் கறுப்பைக் கரைத்தான். கரைந்த தண்ணீரைக் கழிவுக் கேனில் ஊற்றினான். பிறகு கொலுசை மூலக்கூறுக் கரைசலில் முக்கி வைத்தான்.

அடுத்த மேசை ஜெபசிங் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "உலகமே அழிஞ்சாலும் இது அப்படியே இருக்கும் சார். வீட்ல இன்னைக்கு உங்களுக்கு விருந்துதான்."

கேனில் ஊற்றும்போது கறுப்பு கரைந்த அந்தத் தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. அவ்வளவுதான் பார்த்தான்.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. கொலுசை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். அதோடு சமைத்தாள், துணி அலசினாள், தூங்கினாள். காலையில் எழுந்ததும் கையை ஜன்னலில் நீட்டிப் பார்ப்பாள்.

மின்னியது.

முட்டை பட்டால் வெள்ளி கறுக்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். தினமும் முட்டை அவித்தாள். மஞ்சள்கருவைக் கொலுசில் தேய்த்தாள்.

மின்னியது.

ஆறு வருடம் உழைத்துச் செய்த மூலக்கூறு. அது தோற்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான். அது தோற்கவில்லை. நன்றாகச் செய்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அவன் முன்னால் வந்து கையை நீட்டினாள். கொக்கியின் மடிப்பில் எள்ளளவு கறுப்பு.

அவன் குனிந்து பார்த்தான்.

கிடுக்கி பிடித்திருந்த இடம். கறுப்பைக் கரைத்தபோதும் அங்கேதான் பிடித்திருந்தான். மூலக்கூறில் முக்கியபோதும் அங்கேதான். இரண்டும் அந்த இடத்தைத் தொடவில்லை. பழைய கறுப்பு அப்படியே தங்கியிருக்கலாம். இல்லையென்றால் காற்றும் முட்டையும் இந்தச் சில நாளில் செய்ததாக இருக்கலாம்.

கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. சொல்லும் கருவி ஆய்வகத்தில் இருக்கிறது. கொலுசைக் கழற்றிக் கொடுத்தால் மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும்.

"இது அவளோடதுதானே?"

வாழ்நாளில் அளந்து பார்க்காமல் அவன் எதையும் சொன்னதில்லை.

"அவளோடதுதான்."

அவள் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுப்பில் முட்டை கொதித்துக்கொண்டிருந்தது. அவன் போய் அணைத்தான்.