ஒரு சாண் தூரம்

“அந்தப் பழைய சக்கரத்தைத் தொடாதே! உனக்குப் புதுசே வாங்கித் தர்றேன்.”

பரணிலிருந்து மகள் இறக்கிய இரண்டு சக்கரங்களையும் அப்பா பிடுங்கப் பார்த்தார். ஒரு ஜோடி கையுறைக்கு மூன்று மாதம் மூக்கால் அழுத மனுஷர்! சைக்கிள் கடை வைத்திருக்கும் அவருக்கு இன்று எங்கிருந்தோ தாராளம் பொத்துக்கொண்டு வந்திருந்தது.

“எதுக்குப்பா புதுசு? அம்மா ரேஸ் ஓட்டின சக்கரம். டயரை மட்டும் மாத்திட்டா போதும்.”

“ஒண்ணும் மாத்த வேணாம். நான் கையெழுத்தே போடப் போறதில்லை” என்றபடி அம்மா சமையலறையிலிருந்து வந்தாள்.

மலைப்பாதைப் பந்தயத்துக்கான சம்மதப் படிவம் மூன்று நாளாக மேஜைமேல் கிடந்தது. இன்று மாலைக்குள் கொடுக்காவிட்டால் மகளின் பெயரை அடித்துவிடுவார்கள். அப்பாவோ, “உங்கம்மா போட்டாத்தான்” என்று நழுவிக்கொண்டே இருந்தார்.

“ஏம்மா இப்படிப் பிடிவாதம் பிடிக்கறே?”

“இருபது வருஷத்துக்கு முன்னாடி அதே மேட்டுல ஒரு சாண் தூரத்துல தோத்தவடி நான். கால் ரெண்டும் கல்லாக் கனத்துச்சு. ஜெயிச்சவ அடுத்த வாரமே வெளியூர்ப் பயிற்சி முகாமுக்குப் போனா. அப்புறம் அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கலை. நம்ம கால் மேடு ஏறுற கால் இல்லை. நீயும் போய் அழ வேணாம்.”

“காலா? சக்கரமா? ரிம்முல கொஞ்சம் எடை கூடினாலும், வேகம் எடுக்கறப்போ ஆளைக் கொன்னுடும்னு எங்க கோச் சொல்வாரு.”

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “உங்கப்பா கைபட்ட சக்கரத்தையா குறை சொல்றே? எங்க டீமுக்கே இவர்தான் மெக்கானிக். ரேஸ் அன்னைக்குக் காலையில தன் கையால எனக்கு மாட்டிக் கொடுத்தாரு. தோத்துட்டு நின்னப்போ ஒருத்தரும் கிட்ட வரலை. துண்டை நீட்டி, ‘அழாதே’ன்னு சொன்ன ஒரே ஆளு இவர்தான்.”

அந்த ஒரு வார்த்தைக்காகவே கழுத்தை நீட்டியவள் அவள்.

“சரி சரி, பழங்கதை எதுக்கு இப்போ?” என்றார் அப்பா.

அம்மா விடுவதாக இல்லை. தன் சக்கரத்தை ஒரு கையிலும் மகளின் சைக்கிளிலிருந்து கழற்றி வைத்திருந்த சக்கரத்தை மறு கையிலும் அச்சில் பிடித்துத் தூக்கினாள். “சுத்தி விடுடி ரெண்டையும்” என்றாள்.

மகள் சுற்றிவிட்டாள். அவளுடைய சக்கரம் நின்ற பிறகும் அம்மாவுடையது சுற்றிக்கொண்டே இருந்தது.

“பார்த்தியா? இதுலயா குறை?” என்றாள் அம்மா பெருமையாக.

மகள் அந்தச் சக்கரத்தை வாங்கி, கையில் ஒரு தரம் தூக்கிப் பார்த்தாள். பிறகு திருப்புளியை விளிம்பில் செருகி, இற்றுப்போன டயரை நெம்பிக் கழற்றினாள்.

“வேணாம்மா, சொன்னாக் கேளு” என்று அப்பா எழுந்தார். அதற்குள் டயர் கையோடு வந்துவிட்டது.

ரிம்மின் உட்பள்ளம் முழுக்க ஈயப்பட்டை ஒட்டியிருந்தது. ஓர் இடத்தில்கூடப் பிசிறில்லை. தொழில் தெரிந்தவர் பொறுமையாகச் செய்த வேலை.

“இந்தக் கனம்தாம்மா அதை நிக்க விடலை. மேட்டுல உன்னை ஏற விடாம இழுத்ததும் இதுதான்” என்றாள் மகள் மெல்ல.

அம்மா அந்த ஈயத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பாவி மனுஷி, இருபது வருஷமாகத் தன் கால்களையல்லவா திட்டிக்கொண்டிருந்தாள்!

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். “ஓடிப் போய்க் கொடுத்துட்டு வா” என்று மகளிடம் நீட்டினாள்.

பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்? எதுக்கு இப்படிப் பண்ணினீங்க?”

அவர் தலை நிமிரவில்லை.

“ஜெயிச்சிருந்தா, நீ என்னைக் கட்டியிருப்பியா?”