சார், புரியலை!

"சார், புரியலை. இன்னொரு தடவை இங்கிலீஷ்ல சொல்ல முடியுமா?"

கடைசி பெஞ்சிலிருந்து சைதன்யா எழுந்து நின்றான். வகுப்பு மொத்தமும் சத்தமாக அலுத்துக்கொண்டது.

"மறுபடியும் நீயா?" என்றார் பேராசிரியர்.

ஆராய்ச்சி முறைகள் பாடம் அவருடையது. இங்கிலீஷில்தான் ஆரம்பிப்பார். உற்சாகம் ஏற ஏற, தன்னை அறியாமல் பெங்காலிக்குப் போய்விடுவார். இப்போது பெருமூச்சு விட்டுவிட்டு, ஒரு சர்வேக்கு எத்தனை பேரைக் கேட்பது, அவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று முதலிலிருந்து இங்கிலீஷில் சொன்னார்.

கல்பனா மளமளவென்று எழுதிக்கொண்டாள். கூடவே மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்: 'சரியான மக்கு.'

அவள் கரூரிலிருந்து எம்.ஏ. படிக்க கொல்கத்தா வந்து மூன்று மாதம் ஆகிறது. டாக்குரியாவில் ஒரு மாடியறை. காலேஜ், லைப்ரரி, அறை, அவ்வளவுதான். சில நாள், ஷேர் ஆட்டோக்காரரிடம் இறங்குமிடம் சொல்வதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவாள். அம்மா போனில் கேட்டால், "நிறைய ஃப்ரெண்ட்ஸ்ம்மா" என்பாள்.

வகுப்பு முடிந்ததும் சைதன்யா அவளிடம் வந்தான்.

"ப்ராஜெக்ட்... ரெண்டு ரெண்டு பேரா பண்ணணுமாம். நாம சேர்ந்து பண்றோமா?"

தமிழ்! தட்டுத்தடுமாறிய தமிழ்தான். ஆனாலும் இந்த ஊரில் அவள் நேரில் கேட்ட முதல் தமிழ். 'உங்களுக்கு எந்த ஊர்?' என்று கேட்க நினைத்தாள்.

அதற்குள் முன்பெஞ்சில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இவனோடு சேர்ந்தால் நம்மையும் பார்த்துத்தானே சிரிப்பார்கள்?

"இல்ல, நான் வேற ஆள் பார்த்துட்டேன்."

"ஓ... பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவள் யாரையும் பார்த்திருக்கவில்லை. அடுத்த இரண்டு நாள் ஒவ்வொருவராகக் கேட்டாள். எல்லோருக்கும் ஜோடி சேர்ந்திருந்தது. பெயர் கொடுக்கக் கடைசி நாள் கேன்டீனில், கூடப் படிக்கும் ஸ்னேகா முன்னால் போய் நின்றாள். இரண்டு பேருக்கும் இங்கிலீஷில்தான் பேச்சு.

"உங்க டீம்ல மூணாவதா என்னையும் சேர்த்துக்கோயேன், ப்ளீஸ்."

"சார் ஒத்துக்க மாட்டார். ஏன், சைதன்யா உன்கிட்ட கேட்டானே? அவன் இன்னும் தனியாத்தான் இருக்கான்."

"அவனோடயா? கரியாஹாட் நடைபாதைக் கடைக்காரங்களை பேட்டி எடுக்கணும். பெங்காலி தெரியாத ரெண்டு பேர் அங்கே போய் என்ன பண்றது? அதோட, அவனுக்குப் பாடமே ரெண்டு தடவை சொன்னாத்தான் ஏறுது."

ஸ்னேகா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"யாருக்கு பெங்காலி தெரியாது? சைதன்யாவுக்கா? வீட்டுல தமிழ்தான்னாலும், அவன் இங்கே பெஹாலாவுல பிறந்து வளர்ந்தவன். நானும் அவனும் ஒரே ஸ்கூல். பெங்காலியில எப்பவும் அவன்தான் முதல் மார்க்."

கல்பனா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்புறம் எதுக்கு... தினமும் எழுந்து நின்னு..."

"நானும் கேட்டேன். எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்களே, உனக்கு எதுக்குடா இந்த வேலைன்னு."

"என்ன சொன்னான்?"

"'சார் பெங்காலிக்குப் போனதும் அந்தக் கல்பனா மட்டும் பேனாவை மூடி வெச்சுட்டு ஜன்னலைப் பார்க்கிறா. எழுந்து கேக்கற தைரியம் அவளுக்கு வர இன்னும் கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும் நான் கேக்கறேனே'ன்னான்."