பேரில் முதல் பாதி

ஒரு கடற்கரையில் ஒரு கயிறு இருந்தது. சேசடிமை என்ற மீன்பிடிக்காரர் அதைக் கொண்டுதான் மூன்று மரங்களைச் சேர்த்துக் கட்டிக் கடலுக்குப் போவார். திரும்பி வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக வெயிலில் காயப் போடுவார்.

அந்த நேரம் பார்த்துக் கயிறு மரங்களைச் சீண்டும். "நான் கட்டினால்தான் நீங்கள் கட்டுமரம். பேரில் முதலில் வருவது என் கட்டுதான், பார்த்தீர்களா?"

மரங்கள் பாட்டுக்கு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்.

ஒருநாள் கயிற்றுக்குள் ஒரு புரி அறுந்துபோனது. வெளியே தெரியவில்லை. நடுமரம் மட்டும் கண்டுகொண்டது.

"உள்ளே நைந்துவிட்டாய். நாளைக்கு அவர் தடவிப் பார்க்கும்போது கொஞ்சம் தளர்ந்து காட்டு. வேறு கயிறு மாற்றிக்கொள்வார்."

"மாற்றிவிட்டால் அப்புறம் நான் யார்? வெறும் கயிறு," என்றது கயிறு.

விடியலில் சேசடிமை வழக்கம்போல் விரலால் தடவிப் பார்த்தார். கயிறு மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றது. அவரும் நம்பி முடிச்சுப் போட்டார்.

நடுக்கடலில் காற்று திரும்பியது. பெரிய அலை ஒன்று வந்து மோதியதும் கயிறு அறுந்தது. மரங்கள் திசைக்கொன்றாகப் போயின. சேசடிமை நடுமரத்தைப் பிடிக்கக் கை நீட்டினார். எட்டவில்லை.

சாயங்காலம் நடுமரம் கரையைப் பார்த்து மிதந்து வந்தது. அறுந்த கயிறு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. கரையில் காத்திருந்த சேசடிமையின் மனைவி பக்கத்தில் நின்றவரிடம் கேட்டாள்.

"அண்ணே, அந்தா தெரியுதே, நம்ம கட்டுமரமா?"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இல்லம்மா. வெறும் மரம்."