டேரலுக்கு ஒரு ரிவால்வர்

ட்வைலா அந்த ரிவால்வரைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சிரித்தால் அவளுடைய முன்பல் ஒன்று மட்டும் பளீரென்று தெரியும். கட்டின பல். அசல் பல்லை உடைத்தவன் எங்கள் துப்பாக்கிக் கடைக் கண்ணாடிக்கு நேர் எதிரே பிக்கப் வண்டியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் புருஷன் டேரல். அவனுக்குத்தான் பரிசு வாங்க வந்திருக்கிறாள்.

பல் உடைந்த அன்று அவளை என் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் நான். பின்சீட்டில் கறை இன்னும் போகவில்லை.

வழக்கு நடந்தது. ஷெரீப்பின் ஆட்கள் வந்து அவனுடைய வேட்டைத் துப்பாக்கிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். இனி ஆயுளுக்கும் அவன் துப்பாக்கியைத் தொடக்கூடாது.

ஈஸ்டருக்கு அவனை மறுபடி வீட்டில் சேர்த்துக்கொண்டாள். கைகோத்துக்கொண்டு தேவாலயத்துக்கு வேறு வந்தார்கள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு புல்வயல்தான். இனி என் வாசலை மிதிக்காதே என்று அவளிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவன் எங்கள் கடைக்குள்ளும் காலை வைக்கக்கூடாது.

ஆனால் உள்நாட்டுப் போர்க் காலத்து ரிவால்வர்களைப் போலவே புதிதாகச் செய்து விற்கிறார்களே, தோட்டா இல்லாமல் மருந்தையும் குண்டையும் தனித்தனியே கெட்டிக்கிற ரகம், அதை எங்கள் மிசூரியில் சட்டம் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டேரலும் வைத்துக்கொள்ளலாம். இதை எந்தப் புண்ணியவான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தானோ.

என் புருஷன் ஹார்லனுக்கு இதெல்லாம் உறைக்காது. முதல் ரிவால்வர் வாங்க யார் வந்தாலும், நாய்க்குட்டிகளை எடுத்துக் காட்டுகிறவன் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைப்பான்.

“பித்தளையில செஞ்சது பாக்க அழகா இருக்கும், சீக்கிரம் ஆட்டம் கண்டுடும். இரும்பு எடு. அதுலயும் இந்த மாடல எடு. சுட்டு முடிச்ச உருளையக் கழட்டி, குண்டு நிரப்பி வச்ச இன்னொரு உருளைய மாட்டிட்டா வேலை முடிஞ்சுது. டேரல் சந்தோஷத்துல குதிப்பான் பாரு.”

“அது வேணாம்” என்றாள். “அந்த இன்னொண்ணு?”

“மேல்பக்கம் திறந்ததா? பாக்க லட்சணமா இருக்கும். ஆனா சுடும்போது வெடிக்கிற பொட்டு கேப் உள்ள விழுந்து சிக்கிக்கும்மா.”

“அடிக்கடியா?”

“உசிர வாங்கும்.”

அதைத்தான் கையில் எடுத்தாள். அழகாக இருக்கிறதாம். பல்லை உடைத்தவனுக்கு அழகு பார்த்து வாங்குகிறாள். எழுந்து போய்விடலாமா என்றிருந்தது எனக்கு.

“நிரப்பியே வீட்ல வச்சிருக்கலாமா?” என்று கேட்டாள்.

“கூடாது. ஈரம் ஏறினா மருந்து நமத்துப் போகும், வெடிக்காது. சுட்டதும் கழுவி, காலியா வைக்கணும்.”

“அத நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பாரு.” ஹார்லனுக்குப் பெருமை தாங்கவில்லை.

நிரப்பிக் காட்டச் சொன்னாள். மருந்துக்குப் பதிலாகச் சோளமாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு துளையில் மாவு, மேலே குண்டு, நெம்புகோலை அழுத்திக் கெட்டித்துவிட்டு அடுத்த துளை. எல்லாம் முடிந்த பிறகு பின்பக்கம் ஒவ்வொன்றிலும் பொட்டு வெடி மாதிரி ஒரு கேப். அவனுடைய தடித்த விரலில் கேப் நழுவிக் கீழே விழ, குனிந்து தேடினான்.

“இத நிரப்பி முடிக்கிறதுக்குள்ள சுட நினைச்ச மான் கல்யாணம் பண்ணி, பேரன் பேத்தியே எடுத்துடும்” என்று தானே சொல்லித் தானே சிரித்தான்.

ட்வைலா சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. ஜெபம் பண்ணுகிறாளாக்கும் என்று நினைத்தேன். அதுவும் எனக்கு அருவருப்பாகவே இருந்தது. எந்த வாயால் எதற்கு ஜெபம்?

“இதுவே இருக்கட்டும்” என்றாள்.

ஹார்லன் ரிவால்வரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். மருந்தும் குண்டும் சேர்த்துக் காகிதத்தில் சுருட்டிய பொட்டலங்கள் கொஞ்சத்தை அன்பளிப்பாகப் பையில் போட்டான். அப்படியே உள்ளே தள்ளிவிடலாம், பாதி வேலை மிச்சம் என்றான். எண்ணெய்ப் புட்டி எடுக்க உள்ளறைக்குப் போனான்.

வெளியே டேரல் ஹாரன் அடித்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. “உனக்கு வெக்கமா இல்லையாடி? உன்னைக் கொல்றதுக்கு நீயே வாங்கிக் கொடுக்கிற. நான் விக்க மாட்டேன், போ.”

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் இறங்கியது.

“நீங்க விக்கலன்னா அவரே வேற ஊர்ல வாங்குவாரு அக்கா. அந்த ரெண்டு உருளை மாடலத்தான் வாங்குவாரு. இத அவர் நிரப்பி முடிக்கிறதுக்குள்ள நான் புல்வயலைத் தாண்டிடுவேன். இப்பதான் எண்ணிப் பாத்தேன்.”

நான் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

“உங்க பின்வாசலை மட்டும் ராத்திரில பூட்டாம வைங்க.”

பைக்குள் கையை விட்டு, ஹார்லன் போட்ட காகிதப் பொட்டலங்களை எடுத்துக் கவுண்டருக்கு அடியில் தள்ளினேன்.

ட்வைலா பையை வாங்கிக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒற்றைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே அவனிடம் போனாள்.